‘வேறு ஏதாவது வேண்டுமா சார்?’: பார் பணியாளர்களுக்கு இணையவழிப் பயிற்சி தயாரிப்பது பற்றி

கேள்வி: காரைக்குடிக்கு அருகே பழைய நகரத்தார் வீடு ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக நடத்துகிறோம். விடுதிகளில் மது பரிமாற அரசு தரும் எஃப்.எல்.3 உரிமத்துடன் சிறிய பார் இருக்கிறது. பார்டெண்டர்கள், வெயிட்டர்கள், அவர்களை மேற்பார்க்கும் கேப்டன் என்று மொத்தம் எட்டுப் பேர். விருந்தினர் கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. அப்செல்லிங்கும் (கேட்டதற்கு மேல் ஒன்றையோ, விலை கூடியதையோ பரிந்துரைத்து விற்பது) நல்ல உபசரிப்பும் கற்றுத்தர ஓர் இணையவழிப் பயிற்சி வேண்டும். ஒரு நிறுவனம் நாற்பது பாடங்கள், தேர்வு, சான்றிதழ் எல்லாம் சேர்த்து விலை சொல்லியிருக்கிறது. வாங்கலாமா, நாங்களே தயாரிக்கலாமா? தயாரித்தால் எப்படி வடிவமைப்பது?

பதில்:

வாங்க வேண்டாம். அந்த நாற்பது பாடங்களை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படி மொத்தமாக விற்கப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கின்றன. திராட்சையிலிருந்து ஒயின் வருவது எப்படி, சிங்கிள் மால்ட் என்றால் என்ன, காக்டெயில் வகைகள், புன்னகையின் அவசியம், கடைசியில் பத்துக் கேள்விகள். உங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரிந்தும் பேசவில்லை என்பதுதானே உங்கள் குறை? அவர்களுக்கு விஷயஞானம் போதாமல் இல்லை. விருந்தினர் முன்னால் நிற்கும்போது எந்த வார்த்தையில் தொடங்குவது என்ற கூச்சம் இருக்கிறது. அது வீடியோ பார்த்துப் போகாது, பேசிப் பழகித்தான் போகும். ஆகவே, பேசவைக்கும் பயிற்சியாக அதை அமைக்க வேண்டும். எட்டுப் பேருக்கு அதை நீங்களே செய்துவிடலாம்.

எந்தச் செயலி, எந்த மென்பொருள் என்பதெல்லாம் பிறகு. முதலில் கடந்த சில மாதங்களின் பில்களை எடுங்கள். மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது, அதற்கு மாநில வாட். உணவுக்கு ஜிஎஸ்டி. இதனால் மதுவும் உணவும் உங்கள் கணக்கில் எப்படியும் தனித்தனியாகத்தான் விழுந்திருக்கும். வரிக்காகச் செய்த இந்தப் பிரிப்பு இப்போது உங்களுக்கு உதவும். மது அருந்திய மேசைகளில் எத்தனை மேசைகள் உணவும் வாங்கின? மூன்று பேர் உட்கார்ந்த மேசையில் இரண்டு பேருக்கு மட்டும் பில் விழுந்திருக்கிறதா? மூன்றாமவர் என்ன குடித்தார்? யார் பரிமாறிய மேசைகளில் உணவு அதிகம் போயிருக்கிறது? எட்டுப் பேரில் ஒருவராவது மற்றவர்களைவிட நன்றாகச் செய்துகொண்டிருப்பார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பாடங்களுக்கு அடிப்படை அதுதான். விலைக்கு வாங்கும் எந்தப் பாடத்திலும் அது கிடைக்காது.

பிறகு ஓரிரு மாலைகள் ஒரு மூலையில் உட்கார்ந்து வெறுமனே கவனியுங்கள். விற்பனை நடப்பதும் நழுவுவதும் நான்கே இடங்களில்தான் என்பது தெரியும். விருந்தினர் வந்து உட்காரும்போது, முதல் ஆர்டர் சொல்லும்போது, தட்டோ கிளாஸோ காலியாகப் போகும்போது, பில் கேட்பதற்குச் சற்று முன்பு. இந்த நான்கு இடங்களிலும் உங்கள் ஆட்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்: “வேறு ஏதாவது வேண்டுமா சார்?” இந்தக் கேள்விக்கு இயல்பாக வரும் பதில் “ஒன்றும் வேண்டாம்” என்பதுதான். மெனுவில் இருப்பதையெல்லாம் நினைவுகூர்ந்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அந்தக் கேள்வி விருந்தினர் தலையில் கட்டிவிடுகிறது.

உங்கள் ஊர்க் கல்யாண விருந்தில் பந்தி விசாரிப்பவர்கள் இப்படிக் கேட்பதில்லை. பாத்திரத்தோடு இலைக்கு முன்னால் வந்து, “மண்டி வைக்கட்டுமா, இப்போதுதான் இறக்கியது” என்று (மண்டி, அரிசி கழுவிய நீரில் செய்யும் செட்டிநாட்டுக் குழம்பு) பெயர் சொல்லிக் கரண்டியை நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் கையை நீட்டித் தடுத்தால் போதும், அவரும் வருத்தப்படாமல் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். பாரிலும் இதைத்தான் செய்ய வேண்டும். ஒரு பொருள், அதன் பெயர், அதைப் பற்றி உண்மையான ஒரு சொல், பிறகு ஒரு சிறு கேள்வி. இந்த ஊரில் வளர்ந்த பையனுக்கு இதை வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. சீருடை போட்டவுடன் அவன் அதை மறந்துவிடுகிறான், அவ்வளவுதான்.

இனி, எதை விற்கச் சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் பார், மற்ற கடைகளிலிருந்து வேறுபடுகிறது. துணிக்கடையில் இரண்டாவது சேலையை எடுத்துக்காட்டுவதால் யாருக்கும் கேடில்லை. பாரில் இரண்டாவது லார்ஜை (60 மி.லி. மது) தள்ளிவிடுவது அப்படியல்ல. இதை அறிவுரையாகச் சொன்னால் யார் மனதிலும் பதியாது, கணக்காகச் சொல்லுங்கள். நம் நாட்டில் தயாராகும் விஸ்கி, பிராந்தி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. 30 மி.லி. ஸ்மால் ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீதமுள்ள 650 மி.லி. பியர் பாட்டிலில் 25 கிராமுக்குச் சற்று மேல். 8 சதவீத ஸ்ட்ராங் பியராக இருந்தால் அதே பாட்டிலில் 41 கிராம், அதாவது நான்கு ஸ்மாலுக்குச் சமம். “நான் பியர்தான் சாப்பிடுகிறேன்” என்று சொல்லும் விருந்தினருக்கும், அவருக்குச் சாதாரண பியருக்குப் பதில் ஸ்ட்ராங்கைப் பரிந்துரைத்து ‘அப்செல்’ செய்துவிட்டதாக நினைக்கும் வெயிட்டருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. ஆரோக்கியமான உடல் ஒரு ஸ்மாலில் உள்ள ஆல்கஹாலைக் கரைக்கத் தோராயமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்சியின் முதல் பாடம் இந்தக் கணக்காக இருக்கட்டும்.

அதையொட்டி ஒரு விதி: பரிந்துரையால் பெக் எண்ணிக்கை கூடக் கூடாது. கூட வேண்டியவை வேறு. அதே அளவில் இன்னும் நல்ல பிராண்ட், சாப்பிட ஒரு தட்டு, குடிக்காதவருக்கு ஒரு நல்ல பானம், இரவுச் சாப்பாடு, நாளை மதியத்துக்கு வாழையிலைச் சாப்பாடு முன்பதிவு.

“அப்படியானால் லாபம்?” என்று கேட்பீர்கள். ஒன்றை யோசித்துப் பாருங்கள். டாஸ்மாக் கடையில் ஒரு பாட்டில் என்ன விலை என்பது தமிழ்நாட்டில் குடிக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். உங்கள் பெக் விலையைப் பார்த்தவுடன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிடுவார்கள். ஒவ்வொரு பெக்கும் அவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் உங்கள் வீட்டுக் காடை வறுவலுக்கோ, மசாலா சீயத்துக்கோ, வாழைப்பூ வடைக்கோ ஒப்பிட்டுப் பார்க்கக் கடை விலை கிடையாது. ருசிதான் விலையைத் தீர்மானிக்கிறது. மது உங்கள் சரக்கல்ல, சமையல் உங்களுடையது. செட்டிநாட்டில் பார் வைத்துக்கொண்டு வறுத்த வேர்க்கடலையை மட்டும் மேசைக்கு அனுப்புபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உணவையும் பானத்தையும் சேர்ப்பதில் ஒரு தனிப்பாடம் அவசியம். காரம் தரும் காப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் மிளகாய் கடித்தவர் தண்ணீர் குடித்தும் எரிச்சல் அடங்குவதில்லை. செறிவான மது நாக்கின் எரிச்சலைக் கூட்டவே செய்யும். சுக்காவும் தண்ணீர் கலக்காத விஸ்கியும் சேர்ந்தால், பழகாத வெளிநாட்டுக்காரர் கண்ணீர் விடுவார். அவருக்கு லேசான பியரோ, எலுமிச்சை சோடாவோ, பக்கத்தில் ஒரு கிளாஸ் மோரோ பொருந்தும். மோரில் உள்ள பால்புரதம் காரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். “செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரமா?” என்று கேட்கும் விருந்தினரிடம், கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ என்ற மசாலாப் பொருள்கள் மூன்றையும் ஒரு சிறு தட்டில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மணம் வேறு, காரம் வேறு என்பது அவருக்கு உடனே புரியும். அந்தத் தட்டு மேசைக்கு வந்த பிறகு பரிந்துரை தானாக வரும். ஆங்கிலம் தடுமாறும் வெயிட்டருக்கும் இது பெரிய உதவி, ஏனென்றால் பாதிப் பேச்சை அந்தத் தட்டே பேசிவிடும்.

குடிக்காதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பட்டிக்கு வந்த குடும்பம், மாலை போட்ட நண்பர், வண்டி ஓட்ட வேண்டியவர், வெறுமனே துணைக்கு உட்கார்ந்திருக்கும் மனைவி அல்லது கணவர் என்று உங்கள் பாருக்கு வருபவர்களில் குடிக்காதவர்கள் நிறையவே இருப்பார்கள். இவர்கள் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு வெயிட்டர் திரும்பிவிடுகிறார். நழுவிப்போகும் விற்பனையில் பெரியது இதுதான். நன்னாரி எலுமிச்சை சோடா, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட பானகம், இளநீரில் புதினா, மசாலா மோர் என்று நான்கைந்து பானங்களை மதுவுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு, அதே கண்ணாடிக் கிளாஸில் கொடுங்கள். பார்டெண்டருக்கும் கைவேலையைக் காட்ட ஒரு வாய்ப்பு.

இப்போது வடிவத்துக்கு வருவோம். உங்கள் ஆட்கள் இதைக் கைபேசியில்தான் பார்க்கப்போகிறார்கள். மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பார் களைகட்டுவதற்கு முன்னால், கிளாஸ் துடைத்துக்கொண்டே. ஆகவே ஒரு பாடம் நான்கு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இணையப் பாட வீடியோக்களை மாணவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று 2014இல் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் தரவை வைத்து ஆராய்ந்தபோது, ஆறு நிமிடத்துக்கு மேல் போகும் வீடியோக்களில் கவனம் சரிவது தெரிந்தது. அவர்கள் விருப்பப்பட்டுப் படிக்க வந்தவர்கள். நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஆளிடம் அதைவிடக் குறைவாகத்தான் எதிர்பார்க்க வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் கூகுள் படிவமும் போதும். நாளை இரண்டு, மூன்று விடுதிகள் சேர்ந்தால் மூடில், எச்5பி போன்ற கட்டணமில்லாத மென்பொருள்களைப் பார்க்கலாம். இந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். விடுப்பு நாளில் வீட்டில் உட்கார்ந்து பாடம் பார் என்று சொன்னால், பாடத்தின் மேல் அல்ல, உங்கள் மேல்தான் வெறுப்பு வரும். நேபாளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்கள் இருந்தால் இந்திக் குரலில் இன்னொரு பதிவு. எழுத்து குறைவாக, குரல் அதிகமாக இருக்கட்டும்.

படம் எடுக்கும்போது முகங்களைத் தவிர்த்துவிடுங்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பையன்கள் பலர் வீட்டில் ‘ஓட்டல் வேலை’ என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். பார் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் வீடியோ யாருடைய கைபேசியிலாவது சுற்றி, பெண் பார்க்கப் போன இடத்தில் வந்து நிற்கும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு. கை, கிளாஸ், தட்டு, குரல் இவ்வளவு போதும். ஆள் மாறினாலும் வீடியோ பழசாகாது என்ற லாபமும் இருக்கிறது. எடுத்ததை யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி போடவும் வேண்டாம். மது பிராண்ட் பெயர்களோடு பொதுவெளியில் வரும் எதுவும் விளம்பரம் என்ற சிக்கலில் மாட்டிவிடும். விருந்தினர் யாரும் சட்டகத்துக்குள் வரவே கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாடத்தின் மையம் ஒரு சூழ்நிலையாக இருக்கட்டும். ஒன்றை முழுதாக எழுதிக் காட்டுகிறேன்.

மாலை ஏழரை மணி. மதுரையிலிருந்து காரில் வந்து அறை எடுத்திருக்கும் ஐம்பது வயதுத் தம்பதி. அவர், “ஒரு பியர், நல்ல சில்லென்று இருக்கட்டும்” என்கிறார். மனைவி மெனுவைப் புரட்டிவிட்டு மூடிவைக்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

முதல் வழி: “சரி சார்” என்று போய்விடுவது. இதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த காட்சி இருபது நிமிடம் கழித்து வர வேண்டும். பியர் பாதி, மனைவி கைபேசியில், பிறகு “பில் கொண்டு வாருங்கள்.” இரண்டாவது வழி: “ஸ்ட்ராங் எடுத்துக்கொள்ளுங்கள் சார், கொஞ்சம்தான் விலை கூட.” அவர் சரி என்கிறார். எட்டரைக்கு அவருக்குக் கண் சொருகுகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒதுக்கிவைத்திருந்த இரண்டு பேர் சாப்பாடு ரத்து. மூன்றாவது வழி: கணவரைப் பார்த்து “மேடத்துக்கு என்ன சார்?” மனைவி அவருக்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறார்: “எனக்கு ஒன்றும் வேண்டாம்.”

நான்காவது: “சில்லென்று ஒரு பியர், கொண்டு வருகிறேன் சார்.” பிறகு மனைவி பக்கம் திரும்பி, “மேடம், நன்னாரி எலுமிச்சை சோடா இங்கேயே கலக்குகிறோம், இனிப்புக் குறைத்தும் தரலாம். வாழைப்பூ வடை சூடாக இருக்கிறது. ஒரு தட்டு நடுவில் வைக்கட்டுமா?” இதற்கு இரண்டு முடிவுகளை எழுதுங்கள். ஒன்றில் அவர் இரண்டையும் வாங்குகிறார். இன்னொன்றில் “சோடா மட்டும் போதும்” என்கிறார், வெயிட்டர் “சரி மேடம்” என்று அந்த இடத்தோடு விட்டுவிடுகிறார். இந்த இரண்டாவது முடிவு மிக முக்கியம். ஒருமுறை மறுத்ததை மறுபடி நீட்டக் கூடாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொள்வார்கள். மறுப்பது தன்னை அவமதிப்பதல்ல என்பதும் அப்போதுதான் புரியும்.

கவனித்தீர்களா, எந்த வழியிலும் ‘தவறான விடை’ என்று சிவப்பு எழுத்து வரவில்லை. விளைவைக் காட்டினால் போதும், காரணத்தை அவர்களே சொல்வார்கள். விருந்தினர் சொன்ன அதே சொற்களில் ஆர்டரைத் திருப்பிச் சொல்வதும் வெறும் சடங்கல்ல. நெதர்லாந்தில் ஓர் உணவகத்தில் வான் பாரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்டரை அப்படியே திருப்பிச் சொன்ன பணியாளருக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தது. டிப்ஸ் என்றவுடன் உங்கள் ஆட்கள் இந்தப் பாடத்தை இரண்டு முறை பார்ப்பார்கள்.

சூழ்நிலை முடிந்தவுடன், அதே வாக்கியத்தைத் தன் பாணியில் சொல்லி, இருபது நொடிக் குரல் பதிவாகக் கேப்டனுக்கு அனுப்ப வேண்டும். கேப்டன் குரலிலேயே பதில் அனுப்புவார். “வேகத்தைக் குறை”, “வடை என்று சொல்லும்போது உன் குரலிலேயே ஆசை இல்லையே” என்கிற மாதிரி. நான் முன்பு சொன்ன கூச்சம் உடைவது இந்த இடத்தில்தான். எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்க விடாதீர்கள், கிளி பேசுவதை விருந்தினர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பிறகு, படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே மனதில் நிற்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே அதே சூழ்நிலையை இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை, விருந்தினரை மட்டும் மாற்றிக் கேளுங்கள். ஒரே நாளில் பத்துப் பாடம் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

வெளிநாட்டுப் பயிற்சிகளில் எழுதியிருப்பதை அப்படியே எடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. ‘வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும், போன முறை என்ன குடித்தார் என்பதை நினைவுபடுத்த வேண்டும்’ என்று அவை சொல்லும். அறையில் தங்கியிருக்கும் வெளியூர் விருந்தினருக்கு இது சரி. உள்ளூர்க்காரருக்கு இது ஆபத்து. காரைக்குடியோ தேவகோட்டையோ, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர்கள். சம்பந்தி வீட்டாரோடு வந்திருக்கும் பெரியவரிடம், “வாங்க ஐயா, வழக்கமானதுதானே?” என்று கேட்டால் அவர் அதோடு உங்கள் பார்ப் பக்கம் வரவே மாட்டார். முகம் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், அவருக்குப் பிடித்த மூலை மேசையை மட்டும் காட்டிவிட்டு ஆர்டருக்குக் காத்திருப்பதுதான் இங்கே உயர்ந்த சேவை. இதற்கு ஒரு தனிச் சூழ்நிலை எழுதுங்கள்.

அழைக்கும் முறையும் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பூர்விக வீட்டைப் பார்க்க வந்த நகரத்தார் குடும்பத்து மூத்த பெண்மணியை ‘ஆச்சி’ என்று அழைத்தால் அவர் முகம் மலரும். அதையே சென்னையிலிருந்து தோழிகளோடு வந்த முப்பது வயதுப் பெண்ணிடம் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் சார், மேடம். பெண்கள் தனியாக வந்து மது கேட்டால், புருவம் உயராமல், மேசைக்குத் தேவையில்லாமல் நான்கு முறை போகாமல், மற்ற விருந்தினருக்குக் கொடுப்பதையே கொடுக்கத் தெரிய வேண்டும். சொல்லும்போது எளிது. கண்ணைக் கட்டுப்படுத்தப் பழகுவதுதான் கடினம்.

விலை விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது. ‘ஒரு விஸ்கி’ என்று பொதுவாகக் கேட்டவருக்கு, இருப்பதிலேயே விலை கூடியதை ஊற்றிவிட்டு பில்லில் காட்டுவது அப்செல்லிங் அல்ல, ஏமாற்று. இரண்டு பெயர்களைச் சொல்லி, மெனுவில் விலை இருக்கும் வரியை விரலால் காட்டச் சொல்லுங்கள். விலை கூடியதைப் பரிந்துரைக்க ஒரு வரிக் கதை இருந்தால் நல்லது. உதாரணமாக, பெங்களூரில் தயாராகும் அம்ருத் சிங்கிள் மால்ட், 2004இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். உங்களிடம் அது இருப்பில் இருந்தால், ஐரோப்பிய விருந்தினர் ஒருவர் ‘இந்திய விஸ்கி எது நன்றாக இருக்கும்?’ என்று கேட்கும்போது இந்த ஒரு வரி போதும். எல்லாப் பாட்டிலுக்கும் கதை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஆளுக்கு மூன்று பாட்டில், மூன்று தட்டு.

ஊற்றும் அளவையும் இதே பாடத்தில் சேருங்கள். முத்திரை பெற்ற பெக் அளவையை விருந்தினர் கண்ணுக்குத் தெரியும்படி பிடித்து, விளிம்பு வரை நிரப்பி, கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்ப்பதை அருகிலிருந்து படமெடுங்கள். கவுண்டருக்குக் கீழே ஊற்றிக்கொண்டு வரும் பெக்கை நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. கண்ணெதிரே ஊற்றிய ஒரு பெக், அடுத்து வரும் எல்லாப் பரிந்துரைகளையும் நம்பவைத்துவிடும்.

மறுக்கும் பாடம் எல்லாவற்றையும்விடக் கடினமானது. 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கக் கூடாது, ஐயம் இருந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும். அளவு மீறியவருக்கு நிறுத்த வேண்டும். வண்டி ஓட்டுபவரின் 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். “வண்டி யார் ஓட்டுகிறார்கள் சார்?” என்பதை நான்காவது பெக்குக்குப் பிறகு கேட்டால் அது சண்டை. உட்கார்ந்த உடனே, கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசும்போதே கேட்டால் அது உபசரிப்பு. நிறுத்தும் வாக்கியத்தையும் பழக்குங்கள்: “ஐயா, அடுத்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத் தருகிறேன். முதலில் சூடாக இரண்டு இட்லி சாப்பிடுங்கள்.” குரல் உயர்ந்தால் வெயிட்டர் விலகிக்கொண்டு கேப்டனை அழைக்க வேண்டும், நிர்வாகம் கேப்டன் பக்கம் நிற்க வேண்டும். விருந்தினர் செல்வாக்குள்ளவர் என்பதற்காக அவருக்குப் பணிந்து உங்கள் பணியாளரை அவர் எதிரிலேயே ஒருமுறை திட்டினால், மொத்தப் பயிற்சியும் அன்றோடு முடிந்தது.

சில குறைகள் பயிற்சியால் தீராதவை, அவற்றைப் பணியாளர் தலையில் போடாதீர்கள். வெயிட்டர் ஆசையாகப் பரிந்துரைத்த காடை முக்கால் மணி நேரம் கழித்து வந்தால், மறுநாள் அவர் அதைப் பரிந்துரைக்க மாட்டார். அது நியாயமே. தினமும் மாலை ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து ஒரு குரல் பதிவு குழுவுக்கு வர வேண்டும்: இன்று என்ன இருக்கிறது, எது தீரப்போகிறது, எது எத்தனை நிமிடம். புதிய உணவு எதுவானாலும் பணியாளர்களுக்கு முதலில் சாப்பிடக் கொடுங்கள். சாப்பிட்டிராத பொருளை யாராலும் விற்க முடியாது.

ஊக்கத்தொகை கொடுப்பதானால் பாட்டில் கணக்கிலோ பெக் கணக்கிலோ கொடுக்கவே வேண்டாம். பெக் எண்ணிக்கை கூடக் கூடாது என்ற விதியை நீங்களே உடைத்தவர்களாவீர்கள். மாத உணவு விற்பனையின் உயர்வில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்து, சமையலறைக்கும் சேர்த்துப் பிரியுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பயிற்சிகளை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகள் இன்றும் பயன்படுகின்றன: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. சான்றிதழ் இரண்டாவது படியோடு நின்றுவிடும். மூன்றாவதற்குக் கேப்டனின் கண்கள் போதும்: மேசையில் ஒரு பொருளைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தாரா, இல்லையா என்று வாரம் சில மேசைகளைக் குறித்துக்கொள்ளலாம். நான்காவதற்கு, மது அருந்திய மேசைகளில் உணவும் வாங்கிய மேசைகளின் விகிதம். சராசரி பில் தொகையை மட்டும் நம்பாதீர்கள், ஒரு கல்யாணக் கூட்டம் வந்து தங்கினால் அது எகிறிவிடும்.

முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவதும் கூடாது. கார்த்திகை பிறந்து மகரஜோதி வரை மாலை போட்டவர்களால் உள்ளூர் விற்பனை படுத்துவிடும், அதே நாட்களில் வெளிநாட்டுப் பயணிகள் வரத்து கூடும். பங்குனி வெயிலில் பியர் தானாகவே ஓடும். போன ஆண்டின் அதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள். முடிந்தால் நான்கு பேருக்கு இப்போது, மற்ற நால்வருக்கு இரண்டு மாதம் கழித்து என்று பயிற்சியைப் பிரித்துக் கொடுங்கள். எட்டுப் பேரை வைத்து உறுதியான முடிவு எதுவும் சொல்ல முடியாது, ஆனாலும் திசை தெரியும். புகார்களையும் திருப்பி அனுப்பப்பட்ட தட்டுகளையும் கூடவே எண்ணுங்கள். விற்பனையும் புகாரும் சேர்ந்தே ஏறினால், யாரோ விருந்தினரை நச்சரிக்கிறார் என்று பொருள்.

கடைசியாக, நேரடிப் பயிற்சிக்கு நாள் எங்கே என்று கேட்பீர்கள். இணையவழி என்பது முன்தயாரிப்புதான். இருவர் விருந்தினராகவும் பணியாளராகவும் மாறி மாறி நடித்துப் பார்ப்பது கவுண்டரில்தான் நடக்க வேண்டும். பாரை மூடியே ஆக வேண்டிய நாட்கள் ஆண்டில் சில உண்டல்லவா? அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை பணியாளர்களுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்கள், அவற்றில் கை வைக்காதீர்கள். திருவள்ளுவர் நாள், மகாவீரர் ஜெயந்தி, மிலாடி நபி, வள்ளலார் நினைவு நாள் ஆகியவற்றில் விடுதி இயங்கும், பார் மட்டும் மூடியிருக்கும். அந்த மாலைகளில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில்களைப் பூட்டிவைத்துவிட்டு, பெக் அளவையில் தண்ணீரை ஊற்றிப் பழகலாம்.